நீச்சல் குளத்தில் அழையா விருந்தாளிகள்

மார்ச்சு மாதக் கடைசி. அமெரிக்க நகரம் ஒன்றின் புறத்தே உள்ள குடியிருப்பு. குளிர் இன்னும் முழுவதும் விட்டபாடில்லை. வீட்டுக்காரர் கையில் காப்பிக் கோப்பையுடன் கொல்லைக் கதவைத் திறக்கிறார். ஆயிரக்கணக்கான டாலர் செலவழித்து வெட்டி, நீல ஓடு பதித்து, பளிங்கு போல் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கும் நீச்சல் குளத்தில் அவருக்கு முன்பே இருவர் இறங்கி நீந்திக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்குப் பச்சைத் தலை. கழுத்தில் வெள்ளை வளையம். மற்றவருக்கு உடம்பெல்லாம் தவிட்டு நிறம். இருவரும் அவரை ஏறெடுத்துப் பார்க்கிறார்கள். பிறகு தங்கள் காரியத்தைக் கவனிக்கிறார்கள்.

முதல் நாள் வீட்டுக்காரர் மகிழ்ந்து போகிறார். குழந்தைகளை எழுப்பிக் காட்டுகிறார். மனைவி ரொட்டித் துண்டு எடுத்து வருகிறார். மூன்றாம் நாள் குளத்தங்கரை முழுவதும் எச்சம். ஐந்தாம் நாள் தண்ணீர் கலங்குகிறது. பத்தாம் நாள் வேலியோரத்துப் பூந்தொட்டியில் எட்டு முட்டை! அன்று முதல் அந்த வீட்டில் ஓயாத விவாதம். விரட்டுவதா, வைத்துக்கொள்வதா?

ஆண்டுதோறும் வசந்த காலத்தில் அமெரிக்காவின் எத்தனையோ கொல்லைகளில் எழுகிற கேள்வி இது. பணக்காரர் வீட்டுப் பிரச்னை, இதில் மற்றவருக்கு என்ன என்று சிரித்து ஒதுக்கிவிடத் தோன்றலாம். ஆனால் பல பெரிய பிரச்னைகள் சிறிய உருவில் தான் வாசலுக்கு வருகின்றன. இதுவும் அத்தகையதே.

வந்தவர் யார்?

வந்தது மல்லார்டு எனப்படும் காட்டு வாத்து. வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா ஆகிய மூன்று இடங்களிலும் பரவிய இனம். வீட்டு வாத்துகளில் மஸ்கோவி என்ற ஒரு வகை நீங்கலாக மற்ற யாவும் இந்த இனத்தின் வழித்தோன்றல்களே. தஞ்சை வயல்களில் அறுவடைக்குப் பின் கோலேந்திய ஒருவன் மேய்த்துச் செல்லும் வாத்துக் கூட்டத்துக்கும், கலிபோர்னியாவில் கோடீஸ்வரர் குளத்தில் நீந்தும் இந்த ஜோடிக்கும் பாட்டன் ஒருவனே. ஒன்று மனிதனுக்குக் கட்டுப்பட்டது. மற்றொன்று கட்டுப்படாமல் ஆகாயத்தில் திரிகிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

ஆகாயத்திலிருந்து பார்க்கும் பறவைக்குக் குளம் என்றால் குளம்தான். வெட்டியவன் யார், பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று அது கேட்பதில்லை. வெயிலில் தகதகக்கும் தண்ணீர், பக்கத்தில் வெட்டிவிட்ட புல்தரை, முட்டை மறைக்க ஒரு புதர் இருந்தால் போதும். இயற்கையான ஏரியில் குஞ்சைக் கவ்வும் பெரிய மீனும் ஆமையும் உண்டு. இங்கே அவை இல்லை. குடித்தனம் நடத்த இதைவிட நல்ல இடம் ஏது என்று பெட்டை நினைத்தால் அதன்மேல் குற்றம் இல்லை.

நினைப்பதுதான் தவறாகிவிடுகிறது. அந்த நீலக் குளத்தில் குஞ்சு தின்ன ஒரு பூச்சி கிடையாது. ஒரு பாசிக் கொடி கிடையாது. பார்வைக்கு ஏரி, வயிற்றுக்குப் பாலைவனம். அது மட்டுமா? ஏரிக்குக் கரை சரிவாக இருக்கும். நீச்சல் குளத்துக்குச் சுவர் செங்குத்து. தாய் இறங்குகிறாள், பின்னாலேயே பத்துக் குஞ்சும் குதிக்கின்றன. பிறகு தாய் சிறகை விரித்து ஒரு தாவலில் கரை ஏறிவிடுகிறாள். பறக்கத் தெரியாத குஞ்சுகளுக்கு நீர்மட்டத்துக்கு மேலுள்ள சில அங்குல விளிம்பே மலைச் சுவர். மணிக்கணக்கில் சுற்றிச் சுற்றி நீந்தி, குளிரில் விறைத்து, களைத்து, ஒவ்வொன்றாக மூழ்குகின்றன. தண்ணீரின் மேற்பரப்பில் மிதக்கும் சருகை உறிஞ்சி இழுக்கும் துவாரம் ஒன்று குளத்தின் பக்கச் சுவரில் இருக்கும். சருகோடு குஞ்சும் அதில் சிக்குகிறது. காலையில் அதன் மூடியைத் திறந்து பார்த்த வீட்டுக்காரர்கள் அந்தக் காட்சியை எளிதில் மறப்பதில்லை.

வீட்டுக்காரர் கட்சி

வீட்டுக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். அவர் கொடியவர் அல்ல. வாத்து எச்சத்தில் சால்மொனெல்லா, ஈ கோலி முதலிய கிருமிகள் இருக்கக்கூடும் என்று அமெரிக்க அரசாங்கத்தின் நோய்த் தடுப்பு மையமே எச்சரிக்கிறது. எச்சம் சேரச் சேரத் தண்ணீரில் உள்ள குளோரின் அதை எதிர்த்தே செலவழிந்து போகிறது. கிருமியைக் கொல்ல மிச்சம் இருப்பதில்லை. பாசி பிடிக்கிறது. அந்தத் தண்ணீரைக் குழந்தைகள் விழுங்கினால் வயிற்றுக்கு ஆகாது.

ஆனால் இந்தப் பயத்துக்கும் ஓர் அளவு வேண்டும். முறையாகக் குளோரின் கலந்து பராமரிக்கப்படும் குளத்தில் இக்கிருமிகள் நெடுநேரம் பிழைப்பதில்லை. கையுறை போட்டுக்கொண்டு எச்சத்தை அள்ளிவிட்டு, குளோரின் அளவைச் சரிபார்த்து, அரை மணி நேரம் போல யாரையும் இறங்கவிடாமல் வைத்திருந்தால் பெரும்பாலும் போதும். வலையைக் கழுவிவிட வேண்டும். குளத்தை இடித்துக் கட்ட வேண்டியதுமில்லை. வாத்தைக் கொன்றுபோட வேண்டியதுமில்லை.

பறவைக் காய்ச்சலைப் பற்றியும் கேட்பார்கள். 2022-ம் ஆண்டு தொடக்கத்திலிருந்து எச்5என்1 என்ற கிருமி அமெரிக்கக் காட்டுப் பறவைகளிடையே பரவி, கோழிப் பண்ணைகளில் கோடிக்கணக்கான பறவைகளை அழித்தது. 2024-ல் கறவை மாடுகளிடமும் காணப்பட்டது. மல்லார்டு வாத்து நோய்க்குறி தெரியாமலே அந்தக் கிருமியைச் சுமந்து திரியக்கூடியது. ஆகவே வாத்தைக் கையால் தொடக்கூடாது. செத்துக் கிடப்பதை வெறுங்கையால் எடுக்கக்கூடாது. வீட்டில் கோழி வளர்ப்போர் அதை இதன் அருகே விடக்கூடாது. இவை அவசியமான எச்சரிக்கைகள். எட்ட நின்று பார்ப்பதற்கு எந்த வைத்தியரும் தடை சொல்லவில்லை.

சட்டம் குறுக்கே நிற்கிறது

"என் வீடு, என் குளம், முட்டையை எடுத்து எறிந்தால் யார் கேட்பது?" என்று சிலர் மார் தட்டுகிறார்கள். கேட்பதற்கு மத்திய அரசாங்கமே இருக்கிறது. வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டம் 1918-ம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவில் நிறைவேறியது. அதன்படி அனுமதிச் சீட்டு இல்லாமல் மல்லார்டு வாத்தைக் கொல்வதோ, பிடிப்பதோ, முட்டையுள்ள கூட்டைக் கலைப்பதோ குற்றம். 15,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்க இடமுண்டு.

ஒரு பூந்தொட்டி முட்டைக்கு இத்தனை கடுமையா என்று வியப்பவர்கள் அந்தச் சட்டம் பிறந்த கதையை அறிய வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டில் வாத்து என்பது சந்தைச் சரக்கு. படகில் பீரங்கி போன்ற துப்பாக்கியைப் பொருத்தி, ஒரே வேட்டில் பல டஜன் பறவைகளை வீழ்த்தி, பீப்பாய் பீப்பாயாக நகரங்களுக்கு அனுப்பினார்கள். லாப்ரடார் வாத்து என்ற ஓர் இனம் 1870-களோடு மறைந்தே போயிற்று. ஒரு காலத்தில் வானத்தை மறைத்துப் பறந்த பயணப் புறாவின் கடைசி ஒற்றைப் பறவை 1914-ம் ஆண்டு செப்டம்பரில் சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் கண்ணை மூடியது. அதற்குப் பிறகுதான் சர்க்கார் விழித்துக்கொண்டது. 1916-ல் கனடாவின் சார்பில் பிரிட்டனோடு ஒப்பந்தம்; 1918-ல் சட்டம். மாநிலங்களின் உரிமையில் மத்திய அரசு கைவைப்பதா என்று மிசௌரி மாநிலம் வழக்காடிப் பார்த்தது. 1920-ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. இன்று ஒரு பெட்டை வாத்து பூந்தொட்டியில் நிம்மதியாக அடைகாக்கிறது என்றால், அழிந்துபோன இனங்களின் பலி அதற்கு வேலியாக நிற்கிறது.

வருமுன் தடு

அப்படியானால் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதானா? இல்லை. சட்டமே ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. முட்டை இடுவதற்கு முன்பு, காயம் படாமல், கைதட்டியோ தண்ணீர் பீச்சியோ வாத்தை விரட்டிவிட அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. ஆகவே காலம் அறிந்து செய்வதே காரியம். ஜோடி முதன்முதலில் வந்து இறங்கும் அந்த ஒரு வாரந்தான் வீட்டுக்காரருக்கு உள்ள அவகாசம்.

அந்த வாரத்தில் குளத்தை விரிப்புப் போட்டு மூடிவிடுவதைப் போன்ற வைத்தியம் வேறில்லை. தண்ணீர் கண்ணில் படாவிட்டால் வாத்து இறங்காது. மூட முடியாதவர்கள் குளத்தின் குறுக்கே சில கயிறுகளைக் கட்டி வைக்கலாம். இறங்குவதற்கு ஓடுபாதை இல்லை என்று பறவை அடுத்த வீட்டைப் பார்க்கும். ஆள் நடமாட்டம் கண்டதும் தானாகத் தண்ணீர் பீச்சும் குழாய்கள் கடையில் கிடைக்கின்றன. ரப்பர் முதலை வாங்கி மிதக்க விடுவோரும் உண்டு. முதல் இரண்டு நாள் வாத்து பயப்படும். மூன்றாம் நாள் முதலை இடம் மாறாவிட்டால் அதன் முதுகிலேயே ஏறி வெயில் காயும்! பொம்மையை நாள்தோறும் நகர்த்தி வைக்கும் பொறுமை உள்ளவருக்கே அது பயன்படும்.

இன்னொரு கொடிய யோசனையும் காதில் விழுகிறது. தண்ணீரில் சோப்புத் திரவத்தைக் கலந்துவிட்டால் வாத்து மிதக்காது, ஓடிப்போகும் என்பது அது. வாத்து தன் வாலடியில் உள்ள சுரப்பியிலிருந்து எண்ணெய் எடுத்து இறகில் பூசிக்கொள்கிறது. அந்த இறகே அதற்கு மழைக்கோட்டு, கம்பளி, தெப்பம் எல்லாம். சோப்பு அந்தக் காப்பைக் கரைத்துவிட்டால் தண்ணீர் உடம்புக்குள் புகுகிறது. பறவை நனைந்து, விறைத்து, மூழ்குகிறது. விரட்டுவது வேறு, வதைப்பது வேறு. சிக்கனமான வழி என்ற பெயரில் இதைச் சொல்லிக் கொடுப்பவர் தம் பிள்ளைகள் எதிரே அதைச் செய்து காட்டுவாரா?

வந்தபின் பொறு

முட்டை விழுந்துவிட்டதா? இனி விவாதத்துக்கு இடமில்லை. பொறுத்துக்கொள்வதே முறை. சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்வதல்ல. கணக்குப் போட்டுப் பார்த்தாலும் அதுதான் சரி.

பெட்டை நாளுக்கு ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு நாள் முட்டையிடும். கடைசி முட்டை இட்ட பிறகே தன் மார்பு மென்தூவியைப் பறித்து மெத்தை போட்டு அடையில் உட்காரும். வீட்டுக் கோழிக்கு 21 நாள் என்றால் இதற்கு ஒரு வாரம் கூடுதல். சுமார் 28 நாள். ஆண் வாத்து இதற்குள் கம்பி நீட்டிவிடும். பச்சைத் தலையும் பகட்டுமாக வந்தவர் கோடை பிறந்ததும் இறகை உதிர்த்து, சில வாரம் பறக்கவும் மாட்டாமல் நாணலுக்குள் ஒளிந்து கிடப்பார். பெட்டை ஒன்றே பசி பொறுத்து, மழை பொறுத்து, நாய்க்கும் காக்கைக்கும் அஞ்சி அசையாமல் உட்கார்ந்திருக்கும். குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே நாளில் பொரித்துவிடும்; பொரித்த ஓரிரு நாளில் தாய் அவற்றைக் கூட்டை விட்டு அழைத்துச் செல்லும். மொத்தம் கூட்டினால் நாற்பது நாள். ஒரு மண்டலக் கணக்கு!

ஒரு மண்டலம் பொறுத்தால் போதும். அதிலும் பல மாநிலங்களில் அது குளிர் விடாத காலம். மனிதர் யாரும் குளத்தில் கால் வைக்காத காலம். தாம் பயன்படுத்தாத தண்ணீரைத் தான் வீட்டுக்காரர் விட்டுக்கொடுக்கிறார். அதைக்கூடத் தர மனமில்லை என்றால் அங்கே பாழாவது குளத்துத் தண்ணீர் அல்ல.

பொறுப்பது என்றால் சும்மா இருப்பதும் அல்ல. குஞ்சு பொரிக்கும் நாள் நெருங்கும்போது செய்ய வேண்டியவை சில உண்டு. ஒரு பலகையைச் சாய்த்து, ஒரு முனை தண்ணீருக்குள்ளும் மறு முனை கரையிலும் இருக்கும்படி பொருத்த வேண்டும். வழுக்காமலிருக்க அதன்மேல் பழைய துவாலையோ கம்பளத் துண்டோ சுற்ற வேண்டும். அதைக் குளத்தின் ஓரத்தையொட்டி வைப்பது நல்லது. குஞ்சு சுவரோரமாகவே நீந்தி வழி தேடும். உறிஞ்சும் இயந்திரத்தை அந்தச் சில நாள் நிறுத்தி வைக்க வேண்டும். நாயையும் பூனையையும் கட்டிவைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கொல்லைப்புறக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். தாய் வேலிக்கு மேல் பறக்கும், குஞ்சு பறக்காது. பூட்டிய கதவு அந்தக் குடும்பத்துக்குச் சிறைச் சுவர். மிஞ்சி மிஞ்சிப் போனால் இவற்றுக்கு ஒரு பலகையும் ஒரு மணி நேரமும் செலவாகும்.

பொய்க் கருணை

விரட்டுகிறவர்களைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, அன்பு காட்டுகிறவர்களைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. வாத்துக்கு அவர்களால் விளையும் கேடும் சிறிதல்ல.

ரொட்டி போடுவது அதில் முதலாவது. ரொட்டி வயிற்றை நிரப்பும், வளர்க்காது. வளரும் குஞ்சுக்கு வேண்டியது பூச்சியும் புழுவும். ரொட்டிக்குப் பழகிய தாய் உணவில்லாத குளத்திலேயே தங்கிவிடும், குஞ்சுகள் மெலியும். செய்தி பரவி மேலும் நான்கு ஜோடிகள் வந்து இறங்கும். அதன் பிறகு ரொட்டி போட்டவரே தடியெடுக்கிறார். இரண்டு நாள் விருந்தும் மூன்றாம் நாள் விரட்டும் உபசாரமா?

குஞ்சுகளைப் பாவம் என்று எடுத்துப் பெட்டியில் வைத்து வளர்ப்பது அடுத்தது. பொரித்த முதல் சில மணி நேரத்தில் கண்ணெதிரே நடமாடுவதையே தாயாக எண்ணிப் பின்தொடர்வது வாத்துக் குஞ்சின் இயல்பு. ஆஸ்திரிய விஞ்ஞானி கொன்ராட் லாரன்சின் பின்னால் வாத்துக் குஞ்சுகள் வரிசையாக நடந்த கதை உலகறிந்தது. இத்தகைய ஆராய்ச்சிகளுக்காக அவர் 1973-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். மனிதனைத் தாயாக நம்பிய குஞ்சு ஏரிக்கும் ஆகாது, வீட்டுக்கும் ஆகாது. தாய் பக்கத்தில் இருக்கும்போது குஞ்சைத் தொடாமல் இருப்பதே தயை. தாயை இழந்து தவிக்கும் குஞ்சானால், அனுமதி பெற்ற வனவிலங்குப் பராமரிப்பாளரிடம் ஒப்படைப்பதே சட்டமும் தர்மமும்.

அதே வாத்து, வேறு மரியாதை

விசித்திரம் என்னவென்றால், கொல்லையில் தொல்லையாகத் தோன்றும் இதே பறவையை அமெரிக்கா வேறிடங்களில் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறது. டென்னசி மாநிலத்தில் மெம்பிஸ் நகரத்துப் பீபாடி ஹோட்டலில் 1930-களிலிருந்து கூடத்து நீரூற்றில் மல்லார்டு வாத்துகள் நீந்துகின்றன. வேட்டைக்குப் போய்த் திரும்பியவர்கள் வேடிக்கையாகக் கொண்டு வந்து விட்டவையாம் முதல் வாத்துகள். சர்க்கஸ் கம்பெனியில் மிருகங்களைப் பழக்கிய எட்வர்ட் பெம்புரோக் என்பவர் 1940-ல் அவற்றுக்கு அணிவகுத்து நடக்கக் கற்பித்து, 1991 வரை அந்த உத்தியோகத்தைப் பார்த்தார். காலை 11 மணிக்குச் சிவப்புக் கம்பளத்தின்மேல் பாண்டு வாத்திய இசையுடன் வாத்துகள் நீரூற்றுக்கு எழுந்தருளுகின்றன. மாலை 5 மணிக்குத் திரும்புகின்றன. பார்க்கக் கூட்டம் நெரிகிறது!

பாஸ்டன் நகரில் இதற்குச் சிலையே உண்டு. ராபர்ட் மக்லாஸ்கி 1941-ல் எழுதிப் படம் வரைந்த குழந்தைக் கதையில், ஒரு மல்லார்டு குடும்பம் வீடு தேடி அலைந்து, போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்தி வழிவிட, பூங்காக் குளத்தை அடைகிறது. 1987-ல் அந்தத் தாயையும் எட்டுக் குஞ்சுகளையும் வெண்கலத்தில் வடித்து அதே பூங்காவில் வைத்தார்கள். அதன் பிரதி 1991-ல் மாஸ்கோவுக்கும் பரிசாகச் சென்றது.

1999-ல் தொடங்கிய "சோப்ரானோஸ்" என்ற தொலைக்காட்சித் தொடரை அமெரிக்காவில் அறியாதவர் குறைவு. அதன் நாயகன் ஒரு கொள்ளைக் கூட்டத் தலைவன்; நியூஜெர்சியில் மாளிகை, கொல்லையில் நீச்சல் குளம். அங்கே ஒரு வாத்துக் குடும்பம் வந்து தங்குகிறது. எதற்கும் கலங்காத அந்த முரடன் தன் கையாலேயே பலகை சாய்த்து வழி அமைக்கிறான், தீனி போடுகிறான். ஒரு நாள் குஞ்சுகள் சிறகு முளைத்துப் பறந்துவிடுகின்றன. அவன் மயங்கி விழுகிறான். தன் குடும்பமும் இப்படித்தான் கைவிட்டுப் போகுமோ என்ற பயம் உள்ளே இருந்ததை மனநோய் வைத்தியரிடம் போய்த்தான் தெரிந்துகொள்கிறான். கதைதான், ஆயினும் குளத்தில் வாத்தைக் கண்ட பலர் உள்ளத்தில் எழும் நெகிழ்ச்சியை அது சரியாகப் பிடித்துவிட்டது.

கதையில் வரும் வாத்துக்குக் கண்ணீர், கம்பளத்தில் வரும் வாத்துக்குக் கைதட்டல்; கொல்லைக்கு வரும் வாத்துக்குத் தடியா?

யார் இடத்துக்கு யார் வந்தது?

இந்த விவாதத்தின் ஆணிவேர் இனிமேல் தான் வருகிறது. "வாத்து என் இடத்துக்கு வந்துவிட்டது" என்கிறார் வீட்டுக்காரர். வாத்துக்குப் பேச்சு வந்தால் என்ன சொல்லும்?

1780-களில், இன்றைய அமெரிக்காவின் பெருநிலப்பரப்பில் 48 மாநிலங்கள் உள்ள பகுதியில் 22 கோடி ஏக்கருக்கு மேல் சதுப்பு நிலமும் நீர்நிலையும் இருந்தன. 1980-களில் எஞ்சியது சுமார் 10 கோடியே 40 லட்சம் ஏக்கர். இருநூறு ஆண்டில் பாதிக்கு மேல் போயிற்று. கலிபோர்னியாவிலோ நூற்றில் 91 பங்கு போயிற்று. தற்செயலாகப் போனதல்ல, சதுப்பு நிலங்களை வடித்து உழவுக்கும் வீட்டுக்கும் ஆக்கும்படி 1850-ல் சட்டமே போட்டார்கள். அந்நாளில் சதுப்பு என்றால் கொசு, காய்ச்சல், வீண் நிலம். வாத்துக்கு அது வீடு என்பதை யாரும் கணக்கில் எழுதவில்லை.

அப்படி வடித்த நிலத்தில் வீடு எழுந்தது. வீட்டுக்குப் பின்னால் குளம் வெட்டப்பட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கலிபோர்னியாவில் சோனோமா அருகே 1948-ல் தோட்டக்கலை நிபுணர் தாமஸ் சர்ச் ஒரு நீச்சல் குளம் அமைத்தார். சதுரமாக இல்லாமல் வளைந்து நெளிந்த உருவம். அது பிரசித்தி பெற்று, மொச்சைக் கொட்டை வடிவில் குளம் வெட்டுவது எங்கும் நாகரிகமாயிற்று. அந்த வளைவுக்கு மாதிரி எங்கிருந்து கிடைத்தது? தோட்டத்துக்குக் கீழே தெரியும் உப்புச் சதுப்பில் நெளிந்து ஓடும் ஓடைகளின் வளைவுகளே அந்தக் குளத்தில் எதிரொலிக்கின்றன என்று சொல்வார்கள். ஆக, சதுப்பை வடித்த மனிதன் சதுப்பின் உருவத்தையே கொல்லையில் நீல ஓட்டில் வரைந்து வைத்திருக்கிறான். அதைப் பார்த்து வாத்து இறங்கினால் ஏமாந்தது யார் குற்றம்?

நல்ல காரியமும் நடக்காமல் இல்லை. 1930-களில் வறட்சி வந்து வாத்துகள் வெகுவாகக் குறைந்தபோது, 1934-ல் வேட்டைக்காரர்கள் ஆளுக்கு ஒரு டாலர் கொடுத்து வாத்து முத்திரை வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. கார்ட்டூன் ஓவியர் டார்லிங் வரைந்த முதல் முத்திரையில் தண்ணீரில் இறங்கும் இரண்டு மல்லார்டு வாத்துகள்! 2015-லிருந்து அதன் விலை 25 டாலர். அந்தப் பணம் இதுவரை நூறு கோடி டாலரைத் தாண்டி, 60 லட்சம் ஏக்கர் அளவுக்கு நீர்நிலங்களைக் காக்க உதவியிருக்கிறது. சுடுகிறவனே காக்கவும் பணம் கட்டுகிறான். நீந்துகிறவர் ஒரு பலகை சாய்த்து வைக்கக் கூடாதா?

ஆனால் 2023-ம் ஆண்டு மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு ஒன்று, மத்திய அரசின் தண்ணீர்ச் சட்டம் எந்தச் சதுப்பு நிலங்களைக் காக்கும் என்பதை வெகுவாகச் சுருக்கிவிட்டது. ஆறு, ஏரியோடு மேற்பரப்பில் தொடர்ச்சியாக இணைந்திராத சதுப்புகள் அந்தப் பாதுகாப்பை இழந்தன. நிலைமையைப் பாருங்கள்: பூந்தொட்டியில் உள்ள முட்டையைத் தொட்டால் சிறை; அந்த முட்டையிலிருந்து வரும் குஞ்சு போய்ச் சேர வேண்டிய சதுப்பை மண் கொட்டி மூடினால் பல இடங்களில் மத்திய அரசு கேட்க முடியாது. முட்டைக்கு வேலி, ஏரிக்கு வேலி இல்லை! கொல்லைக்கு வரும் வாத்துகள் தொல்லை என்று நினைப்பவர்கள் குரல் கொடுக்க வேண்டிய இடம் இதுதான். ஊருக்கு வெளியே ஏரி இருந்தால் வாத்து ஊருக்குள் ஏன் வரப்போகிறது?

கதவு திறக்கட்டும்

நாற்பது நாள் கழிகிறது. ஒரு விடியற்காலையில் பூந்தொட்டி காலியாக இருக்கிறது. புல்தரையில் தாய் முன்னால் நடக்கிறாள். பின்னால் எட்டுப் பஞ்சு உருண்டைகள் வரிசை தப்பாமல் ஓடுகின்றன. திறந்திருக்கும் கொல்லைக் கதவைத் தாண்டித் தெருவில் இறங்குகிறது அந்த ஊர்வலம். எதிரே வந்த மோட்டார் வண்டி ஒன்று நிற்கிறது. பின்னால் இன்னொன்றும் நிற்கிறது. அரை மைலுக்கு அப்பால் ஏதோ ஓர் ஓடை, ஒரு குட்டை, வடிக்கப்படாமல் மிஞ்சியது. அங்கே போய்ச் சேர்வதற்குள் எட்டில் எத்தனை மிஞ்சும் என்று சொல்ல முடியாது. காக்கை உண்டு, பூனை உண்டு, சாக்கடைக் கம்பி உண்டு.

அந்த வழியில் உள்ள ஆபத்துகளில் ஒன்றையாவது குறைக்க வீட்டுக்காரரால் முடியும். வரும் முன் தடுக்கலாம். அது அவர் உரிமை. வந்தபின் பொறுக்க வேண்டும். அது அவர் கடமை. போகும்போது கதவைத் திறந்துவிட வேண்டும். அது அவர் பெருந்தன்மை. மீண்டும் குளத்தைக் கழுவி, குளோரின் போட்டு, நீலத் தண்ணீரில் அவர் நீந்தலாம். அடுத்த மார்ச்சில் பழைய பெட்டையே அதே தொட்டியைத் தேடி வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அதற்குள் ஊரார் சேர்ந்து அந்தக் குட்டையைக் காப்பாற்றி வைத்திருந்தால், அது கொல்லையை எட்டிக்கூடப் பார்க்காமல் தலைக்கு மேலே பறந்து போய்விடும்.